தம்ளரில் மிதந்தது இரும்புத் துரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நங்கநல்லூரில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் 22 ஆண்டுகளாக வசிக்கிறேன். பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைத் தங்கள் வாசகர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். ஒரு நாள் காலை பதறிப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டி, "டீச்சர், வந்து பாருங்கள், இத்தனை வருஷமாக நாம் விஷத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். ஓடினேன். சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். மற்றதில், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்த இளைஞர் பாட்டிலில் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கிய தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு பெட்டியை இரண்டு தம்ளர்களின் மேலும் வைத்து மின்சாரம் கொடுத்திருந்தார். எங்கள் தண்ணீர் பழுப்பேறி, மேலே அழுக்குத் திரை கட்டி, பார்க்கவே குமட்டியது. அவர் தண்ணீர் தெளிவாக நின்றது. 18,000 ரூபாய்க்குக் காசோலை எழுத அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் உப்பு டப்பாவை எடுத்தேன். இளைஞரின் அதே தண்ணீரை இன்னொரு தம்ளரில் ஊற்றி, இரண்டு சிட்டிகை உப்பைக் கரைத்து, "தம்பி, இப்போது இதில் உங்கள் பெட்டியை வையுங்கள்" என்றேன். தயங்கினார், பிறகு வைத்தார். எங்கள் குழாய்த் தண்ணீரைவிட மோசமாக அது பழுப்பேறியது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான் நடத்திய பாடம் இதுதான். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகி நீரில் மிதக்கும். உப்பு இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. இளநீரில் வைத்தாலும் அந்தப் பெட்டி இதே அழுக்கைத்தான் காட்டும். "எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் அம்மா" என்றார் இளைஞர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வயதானவர்களைப் பயமுறுத்தி விற்கும்படி அவரை அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். நுகர்வோர் பாதுகாப்புத் துறை இந்த 'சோதனை'யை வீடு வீடாகக் காட்டுவதைத் தடுக்க வேண்டும்.

ஆர்.ஓ. கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர வேறு வழியில்லாத வீடுகளுக்கு, கடலோரம் உப்பேறிய பகுதிகளுக்கு அது தேவைதான். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆனால் வாங்குவதற்கு முன் நம் வீட்டுத் தண்ணீரை அளந்து பார்த்தோமா? கரைந்திருக்கும் உப்பை அளக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். குடிநீர் வாரியம் தரும் எங்கள் மெட்ரோ தண்ணீரில் லிட்டருக்கு 310 மில்லிகிராம் காட்டியது. ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் 1,480. எங்கள் வீட்டுக் குழாயில் வந்ததோ 900! காரணம் தேடிக் கீழே இறங்கியபோதுதான் புரிந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நாள்களில் போர் குழாயை மெட்ரோ சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) இணைத்திருக்கிறோம். மழை வந்தது, ஏரிகள் நிரம்பின, இணைப்பை யாரும் பிரிக்கவில்லை. குடிக்கத் தகுந்த தண்ணீரில் உப்புத் தண்ணீரை நாமே கலந்துவிட்டு, அந்த உப்பை நீக்க ஏழு வீட்டுக்காரர்கள் தனித்தனியே ஆர்.ஓ. கருவி வாங்கியிருக்கிறோம். அந்த ஏழில் நானும் ஒருத்தி.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. அதற்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அப்படியோர் உத்தரவு ஏன் என்பதை என் வீட்டுக் கழிவுக் குழாயிலேயே பார்த்தேன். ஒரு நாள் முழுக்க அதை வாளியில் பிடித்தேன். குடிக்க 20 லிட்டர் கிடைப்பதற்குள் 55 லிட்டர் வெளியே போயிருந்தது. அந்தக் கழிவில் உப்பு 1,200. வீடு துடைக்கவும் கழிவறைக்கும் அதைப் பயன்படுத்தலாம். முன்பு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவந்தேன், இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. ஒரு குடத்துக்காகத் தெருவில் காத்துக் கிடந்த ஊர் இது. அந்த 55 லிட்டரைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

கருவி வைத்திருப்பவர்கள் பராமரிப்பில் ஏமாறுவது இன்னொரு வேதனை. ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்று ஆண்டுக்கொரு முறை மெம்பிரேனை (உப்பைத் தடுக்கும் அந்தச் சவ்வை) மாற்றிப் பணம் வாங்குகிறார்கள். அது கெட்டுவிட்டதா என்று அளந்து பார்ப்பதில்லை. உள்ளே போகும் தண்ணீரையும் குடிக்க வரும் தண்ணீரையும் மாதம் ஒரு முறை அளந்து நாள்காட்டியில் எழுதுங்கள். 60 வந்த இடத்தில் மெல்ல மெல்ல ஏறி 120, 150 என்று வந்தால் மெம்பிரேன் தளர்கிறது என்று பொருள். மாறாமல் இருந்தால் மாற்ற வேண்டாம். அவசியம் மாற்ற வேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் கார்பன் வடிகட்டி. மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரினை அதுதான் பிடித்து வைக்கிறது. அது தீர்ந்துபோனால் குளோரின் நேராகப் போய் மெம்பிரேனை அரித்துவிடும். குளோரின் நீங்கிய தண்ணீர் கருவியின் தொட்டியில் நாள்கணக்கில் நின்றால் கிருமி பெருகும் என்பதையும் மறக்கக் கூடாது. மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பியபோது என் கருவியின் தொட்டிச் சுவர் வழவழவென்று பாசிபோல் இருந்தது. ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

எங்கள் குடியிருப்பில் இப்போது மெட்ரோ சம்ப்பைப் பிரித்துவிட்டோம். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்து, எட்டுச் சமையலறைகளுக்கும் தனிக் குழாய் இழுத்தோம். மொத்தச் செலவு 46,000 ரூபாய், வீட்டுக்கு 5,750. ஐந்து வீடுகளில் ஆர்.ஓ. கருவியை நிறுத்திவிட்டார்கள். மீட்டரில் 310 காட்டுவதால் மட்டும் அந்தத் தண்ணீரை அப்படியே குடித்துவிட முடியாது. அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. பழைய குழாய்களில் கழிவுநீர் கசிந்து கலக்கும் ஆபத்து நம் தெருக்களில் இருக்கிறது. அதற்காகக் காய்ச்சுகிறோம், அல்லது கிருமியை மட்டும் நீக்கும் புற ஊதாக் கதிர்க் கருவி வைத்திருக்கிறோம். எதிர்வீட்டு அம்மாள் காய்ச்சி ஆறவைத்து மண்பானையில் ஊற்றி வைக்கிறார்.

குடிநீர் வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். வாரிய ஊழியர்கள் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டு, குளோரின் இருக்கிறதா என்று வீடுகளில் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். அந்த அளவையும், உப்பின் அளவையும், கடினத்தன்மையையும் மாதந்தோறும் ஒவ்வொரு பணிமனை வாசலிலும் தெரு வாரியாகக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். தண்ணீர் வரி கட்ட வருபவர்கள் படித்துத் தெரிந்துகொள்வார்கள். எந்தக் கருவி வேண்டும், வேண்டாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

அதுவரை என்னால் ஆனதைச் செய்கிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது தண்ணீரை அளக்க வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் மீட்டரோடு வருவதாகக் குடியிருப்போர் சங்கப் பலகையில் எழுதியிருக்கிறேன். இதுவரை 14 வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவற்றில் ஒன்பது வீடுகளில் 400-க்குக் கீழே. அந்த ஒன்பதில் ஏழு வீடுகளில் ஆர்.ஓ. ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
நங்கநல்லூர், சென்னை