ஈரம் காயாத ஹோட்டல்

அன்புள்ள குமரனுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். கல்யாண நாளுக்கென்று மருமகளை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் புது ஹோட்டலுக்குப் போய், இரண்டு ராத்திரியும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாய். குளியலறையில் சாக்கடை வாடை, ஏசியில் குளிர்ச்சி இல்லை, வெந்நீர் வர நேரமாகிறது, துண்டு ஈரத்தை உறிஞ்சவில்லை, பாதி ராத்திரி வரை பாட்டுச் சத்தம். "காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறாய். எனக்கு அது முதலாளியின் அவசரமாகத்தான் தெரிகிறது. கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், சீசன் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் இருக்கும். சுவர் ஈரம் காய்வதற்குள் அறையை விற்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒழுங்காகத் திறக்கிற ஹோட்டலில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஸ்னாக் லிஸ்ட் உண்டு. ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ஒருவர், இன்ஜினியரிங்கிலிருந்து ஒருவர், இருவரும் சேர்ந்து அறையைச் சுற்றி வந்து குறை எழுதுவார்கள். அதற்குப் பிறகு ஊழியர்களையே அந்த அறைகளில் படுக்கவைத்துக் குளிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், உன்னைப் போலக் காசு கொடுத்து வருகிறவன்தான் ஸ்னாக் லிஸ்ட் எழுத வேண்டியிருக்கும்.

முதலில் அந்த வாடை. தரையில் தண்ணீர் போகிற ஜாலிக்குக் கீழே வளைந்த டிராப் ஒன்று இருக்கிறது. அதில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கீழேயிருந்து வரும் வாயுவுக்குத் தடுப்பு. புது ஹோட்டலில் பாதி அறை வாரக்கணக்கில் விற்காமல் பூட்டிக் கிடக்கும். டிராப் காய்ந்துவிடும், வாடை மேலே ஏறும். இரண்டு மூன்று குவளைத் தண்ணீரை ஜாலியில் ஊற்றிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்துப் பார். வாடை போய்விட்டால் டிராப் காய்ந்திருந்தது என்று அர்த்தம், அதில் பெரிய குற்றமில்லை. போகவில்லை என்றால் குழாய் இணைப்பில் எங்கோ கசிவு, அல்லது டிராப்பே சரியாக வைக்கவில்லை. அதை ஒரு ராத்திரியில் யாராலும் சரிசெய்ய முடியாது. அறையை மாற்றச் சொல்வதுதான் வழி. வாசனை ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போக வருகிற பையனை வாசலிலேயே நிறுத்து.

பூட்டிக் கிடந்த அறையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழாயில் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியனெல்லா என்கிற நுரையீரல் தொற்றுக் கிருமி பெருகும். 20 முதல் 45 டிகிரி வரையான சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைக்கிறார்கள். அறைக்குள் போனதும் ஷவரைத் திறந்துவிட்டு, அந்தத் திவலை முகத்தில் படாமல் வெளியே வந்து, சில நிமிடம் ஓடட்டும் என்று விடு. அப்பாவை எங்கே கூட்டிப்போனாலும் இதை மறக்காதே, வயதானவர்களுக்குத்தான் அது அதிக ஆபத்து.

ஏசி விஷயத்தில் நீ தெர்மோஸ்டாட்டை 16-க்குத் தட்டிக்கொண்டே இருந்தேன் என்கிறாய். அதனால் ஒரு பயனும் இல்லை. பெரிய ஹோட்டலில் அறைக்குள் கம்ப்ரெசர் கிடையாது. ஹோட்டலின் பொதுக் குளிரூட்டும் பிளான்ட்டிலிருந்து சுமார் 7 டிகிரிக் குளிர்நீர் குழாயில் வரும், உன் அறைக் கூரைப் பலகைக்கு மேல் காயில் என்கிற குழாய்ச் சுருளில் அது ஓடும், அங்கே இருக்கிற ஃபேன் அதன்மேல் காற்றை ஊதிக் குளிரவைத்து அறைக்குள் அனுப்பும். அதனால் முதலில் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார். காற்றே இல்லை என்றால் பால்கனிக் கதவைப் பார். கதவு திறந்திருந்தால் ஏசி தானாக நிற்கும்படி அதில் ஒரு காந்த ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். புதுக் கதவு சரியாகப் பொருந்தாமல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஏசிக்கு அது திறந்த கதவுதான். அழுத்திச் சாத்திப் பூட்டினால் பல நேரம் ஓடத் தொடங்கிவிடும். காற்று வருகிறது, குளிர்ச்சிதான் இல்லை என்றால், காயிலுக்குப் போகும் வால்வு திறக்கவில்லை, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது, அல்லது கட்டட வேலையின் மண்ணும் வெல்டிங் துகளும் ஸ்ட்ரெய்னரில், அதாவது குழாயின் வடிகட்டியில், சிக்கியிருக்கின்றன. புதுக் கட்டடத்தில் மூன்றாவதுதான் அதிகம். கூரைப் பலகையைத் திறந்து ஏணி போட்டுச் செய்கிற வேலை அது. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை, வேறு அறை கேளுங்கள்.

ஏசிக் காற்று வருகிற இடத்திலிருந்து மருமகளின் தலையில் தண்ணீர் சொட்டியது என்றாயே, அதில் உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. அந்தக் கதவு ஸ்விட்ச் வேலை செய்யாத அறையில், கடல் காற்று வேண்டும் என்று கதவைத் திறந்துவைத்தால், ஈரக் காற்று குளிர்ந்த ஜாலியில் பட்டுத் தண்ணீராகத்தான் விழும்.

ஷவரில் தண்ணீர் நூலாக வந்ததற்கும் அதே கட்டட மண்தான் காரணம், சல்லடையைக் கழற்றிக் கழுவினால் ஐந்து நிமிட வேலை. வெந்நீர் தாமதமானது வேறு. வெந்நீர் சுற்றிவருகிற குழாயில் தாழ்வாரக் கடைசி அறைகளுக்கும் சரிசமமாகத் தண்ணீர் போகும்படி வால்வுகளைச் சரிசெய்யாமல் விட்டிருப்பார்கள், காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் குளிக்கும்போதுதான் அது வெளியே தெரியும். துண்டு ஈரத்தை உறிஞ்சாதது தரக்குறைவு இல்லை. புதுத் துண்டில் ஆலையில் போட்ட மென்மைப் பூச்சு இருக்கும், சில சலவைக்குப் பிறகுதான் அது போகும். துவைக்காமல் அறைக்கு அனுப்பியது ஹவுஸ்கீப்பிங் செய்த தப்பு.

சத்தத்துக்கு ஹோட்டலை மட்டும் சொல்ல மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலோரப் புல்வெளி இருக்கிற எந்த ஹோட்டலும் கல்யாணத்தை நம்பித்தான் இருக்கிறது. அறை போடுவதற்கு முன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்த்திருக்கலாம். (நான் சொன்னால் பஞ்சாங்கம் பார்க்கிறேன் என்று சிரிப்பாய்.) ஆனாலும் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-லிருந்து இருக்கிற மத்திய அரசு விதி. பத்தே காலுக்கு நீ போன் செய்து இந்த விதியைச் சொல்லியிருந்தால் மேனேஜர் இறங்கிப் போய்ப் பேசியே ஆக வேண்டும். அடுத்த தடவை அறை கேட்கும்போது லிஃப்ட் பக்கம் வேண்டாம், நடுவில் இணைப்புக் கதவு உள்ள அறை வேண்டாம், பேங்க்வெட் ஹாலுக்கு மேலே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. எந்த மாதம் திறந்தார்கள், எத்தனை அறை ஓடுகிறது, எந்த மாடியில் இன்னும் வேலை நடக்கிறது என்றும் கேள். "லக்ஸுரி" என்ற சொல்லுக்கு அரசாங்கத்தில் எந்த அளவுகோலும் இல்லை. நட்சத்திரத் தகுதிக்குச் சுற்றுலா அமைச்சகத்தின் சான்றிதழ் உண்டு, ஐந்து வருடம் செல்லும். இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் ஒன்றுதான். இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கத்துகிறாய். அறைக்குள் போன முதல் ஒரு மணி நேரத்தில் பெட்டியைப் பிரிக்காமல் சொல்பவனுக்குத்தான் வேறு அறை கிடைக்கும். ஆபரேட்டரிடமோ வரவேற்பில் நிற்கிற பிள்ளைகளிடமோ சொல்லாதே, அவர்கள் கையில் அதிகாரம் இல்லை, பாவம். டியூட்டி மேனேஜரைக் கேட்டு, புகாரை லாக் புத்தகத்தில் எழுதச் சொல். போட்டோ எடு. செக் அவுட்டுக்கு முன்பே மின்னஞ்சலும் அனுப்பு.

இப்போதும் கெட்டுப்போகவில்லை. ஜெனரல் மேனேஜருக்கு அரைப் பக்கம் எழுது: அறை எண், தேதி, எந்த மணிக்கு என்ன குறை, யாரிடமாவது சொல்லியிருந்தால் என்ன செய்தார்கள். கடைசியில் "ஒரு இரவு வாடகையைத் திருப்பித் தரவும்" என்று நேராகக் கேள். "தகுந்த இழப்பீடு" என்று எழுதினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கூப்பனோடு முடித்துவிடுவார்கள். பயண இணையதளத்தில் முன்பணம் கட்டியிருந்தால் பணம் அந்தத் தளம் வழியாகத்தான் திரும்பும், ஹோட்டலின் ஒப்புதலை எழுத்தில் வாங்கித் தளத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகலாம், நீ கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

பில்லையும் ஒரு தடவை பார். வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18% ஜிஎஸ்டி, அது சட்டப்படி சரி. சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறதா? அது அரசாங்க வரி இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. போட்டிருந்தால் அதையும், அதன்மேல் கட்டிய ஜிஎஸ்டியையும் சேர்த்துத் திருப்பிக் கேள்.

கடிதத்தை எழுதி எனக்கு முதலில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். எந்த மணிக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
அம்மா