எபிகூரஸ் கேட்டது ஒரு சட்டி பாலாடைக்கட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மகிழ்ச்சி பற்றி வந்த கட்டுரையில் கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸுக்கு நான்கே வரி ஒதுக்கியிருந்தீர்கள். நான்கும் தப்பு. ‘உண்டு, குடித்து, களித்திரு என்று போதித்த கிரேக்கர்’ என்று எழுதி, பக்கத்தில் திராட்சைக் குலையும் மதுக்கிண்ணமுமாக ஒரு தொந்திக்காரர் படம் வேறு. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பழி எபிகூரஸ் உயிரோடு இருக்கும்போதே தொடங்கியது.

அவர் கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி அங்கேயே பள்ளி நடத்தினார். பெண்களும் அடிமைகளும்கூட அங்கே சேர்ந்து பாடம் கேட்டார்கள். சாப்பாட்டு விஷயம் என்ன தெரியுமா? குடிப்பது பெரும்பாலும் தண்ணீர். மிஞ்சிப்போனால் ஒரு சின்னக் கிண்ணம் மட்டமான ஒயின். நண்பருக்கு எழுதும்போது, ‘ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பிவை, தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று கேட்கிறார்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆனால் இவர் கடிதங்களை மட்டும் பலமுறை படித்திருக்கிறேன். 300 சுருள் அளவுக்கு எழுதிக் குவித்தவருக்கு முழுதாக மிஞ்சியது மூன்று கடிதங்களும் கொஞ்சம் பொன்மொழிகளும்தான். மெனோய்கியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், இன்பமே குறிக்கோள் என்று நான் சொல்வது குடிக் கூத்தையோ மீனும் மற்றதும் பரப்பிய பணக்காரப் பந்தியையோ அல்ல என்று பச்சையாகவே சொல்கிறார். (ஏதென்ஸில் நல்ல மீன் என்றால் அது ஆடம்பரச் சாப்பாடு. நம் கடற்கரைக்காரர்கள் சிரிப்பார்கள்.) உடம்பில் வலி இல்லாமல், மனதில் கலக்கம் இல்லாமல் இருப்பதுதான் அவர் சொல்லும் இன்பம். பசித்தவன் வாய்க்குப் போகும் பார்லி ரொட்டியையும் தண்ணீரையும் மிஞ்சிய இன்பம் இல்லை என்பதும் அதே கடிதத்தில் உண்டு.

அப்புறம் அந்த முற்றுகை. மாசிடோனியப் படைத்தலைவன் தெமெத்ரியஸ் ஏதென்ஸை வளைத்துக்கொண்டு ஊரைப் பட்டினி போட்ட சமயம். கூரையிலிருந்து செத்த எலி ஒன்று விழுந்தது, அதற்காக அப்பனும் மகனும் அடித்துக்கொண்டார்கள் என்று பழங்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அதை ஒட்டியே எபிகூரஸ் வருகிறார். மொச்சைக்கொட்டை மாதிரியான விதைகளை ஒவ்வொன்றாக எண்ணி, கூட இருந்தவர்களுக்குப் பங்கு வைத்துக் காப்பாற்றினாராம். உங்கள் தொந்திக்காரர் இவர்தான்.

பழி எங்கிருந்து வந்தது? ஒரு ஊற்று தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. எபிகூரஸின் உயிர்த்தோழர் மெட்ரோடோரஸ். அவருடைய தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர் திமோக்ரட்டீஸ் பள்ளியை விட்டு வெளியேறி, ‘அந்த ஆள் மூக்கு முட்டத் தின்றுவிட்டு நாளுக்கு இரண்டு தடவை வாந்தி எடுக்கிறார்’ என்று எழுதிப் பரப்பினார். மற்ற பள்ளிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கடவுளையும் மறுமையையும் மறுத்த நம் உலகாயதருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். எதிராளி சொன்னதே பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவு பரிந்து பேசினாலும் ஒரு இடத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. அறிவுடையவன் சித்திரவதைக்கு உள்ளானாலும் மகிழ்ச்சியாகவே இருப்பான் என்கிறார். (அலறவும் முனகவும் செய்வான் என்றும் சேர்த்துச் சொல்வது ஆறுதல்.) அரிஸ்டாட்டில் இவருக்கு முந்திய தலைமுறை. அவர் தன் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ புத்தகத்தின் 7ஆம் பகுதியில், சக்கரத்தில் கட்டி வதைக்கப்படுபவன் நல்லவனாக இருந்துவிட்டால் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்பவர்கள் உளறுகிறார்கள் என்று ஒரே போடாகப் போடுகிறார். அறம் வேண்டும்தான், ஆனால் உடம்பும் ஓரளவு சுகப்பட வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான், காரணம் படிப்பு அல்ல. மூன்று வருடம் முன்பு எனக்குக் கல்லடைப்பு வந்தது. வாழைத்தண்டுச் சாறெல்லாம் முடிந்து, ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்தது. எந்தத் தத்துவமும் கிட்டே வரவில்லை. ஊசி எப்போது போடுவார்கள் என்பது ஒன்றே நினைப்பு.

எபிகூரஸும் கல்லடைப்பில்தான் இறந்தார், 72 வயதில், 14 நாள் அவதிப்பட்டு. கடைசி நாளில் தன் சீடர் இதோமெனியுஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். வலி உச்சத்தில் இருக்கிறது, ஆனாலும் நாம் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து அந்தச் சந்தோஷம் வலிக்கு ஈடு கொடுக்கிறது என்கிறார். இதை நம்புவதா வேண்டாமா என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் முடிவில் ஒன்று கேட்கிறார்: மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். மெட்ரோடோரஸ் அதற்குள் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் யார்? வாந்திக் கதை கட்டிய திமோக்ரட்டீஸுக்கும் சொந்தப் பிள்ளை முறை.

திருத்தம் போடுவதாக இருந்தால் படத்தையும் மாற்றுங்கள். திராட்சைக் குலை வேண்டாம், ஒரு கை மொச்சை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்.