மணியண்ணன் நடந்த வழி கிடைத்துவிட்டது

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்குச் செந்தூலில் வீடு கிடைத்துவிட்டதாக அக்கா சொன்னாள், சந்தோஷம். என் தீபாவளி வாழ்த்துக்கு நீ பதில் போடாததை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது வேறு விஷயம்.

மணியண்ணனின் மஞ்சள் ஜிபிஎஸ் ஞாபகம் இருக்கிறதா? கொடிமலை ஏறும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்வாரே, அதேதான். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. அவருடைய பேரன் கொண்டுவந்து கொடுத்தான். தாத்தா நடந்த வழியில் நடக்க வேண்டுமாம்.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சேகர். கூட்டாளிகள் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். மலையைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்கிறது, ஆனால் வழி சொல்லத் தெரியவில்லை. மலையடிவாரத்தில் பாதை தொடங்கும் மூன் கேட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்புவது, ஊற்று எங்கே, 2017 நவம்பர் புயல்மழையில் மண் சரிந்த இடத்தை எப்படிச் சுற்றிப் போவது, எல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். இனி அந்தக் கருவிக்குள் பதிந்திருப்பதுதான் மிச்சம். அதன் திரையிலும் கோடு விழ ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காலத்துக் கருவி, யூஎஸ்பி கிடையாது. பின்பக்கம் நான்கு முனை, அதிலிருந்து ஒன்பது முனை சீரியல் பிளக்குக்கு ஒரு கேபிள். அண்ணன் யாரிடமோ சொல்லிச் செய்து வாங்கிய கேபிள் அது. இன்றைய கம்ப்யூட்டர் எதில் சீரியல் போர்ட் இருக்கிறது? கொம்தாரில் ஒரு கடையில் சீரியல்-யூஎஸ்பி அடாப்டர் வாங்கி வந்து செருகினேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10, அதாவது தொடங்க முடியவில்லை என்று.

இதில்தான் எனக்குக் கோபம். அடாப்டர் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் சிப் பழைய ரகம். அதைச் செய்த நிறுவனமே அதை இயக்கும் புதிய டிரைவர் மென்பொருளில் அதை வேண்டுமென்றே ஏற்க மறுக்கிறது. போலிச் சிப்களைத் தடுக்க என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். 2014-இல், இதே மாதிரிச் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போனது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றிவிட்டது. பெரிய சத்தம் எழுந்த பிறகுதான் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் யாரோ, தண்டனை மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்கியவனுக்கு. எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை.

சரி, மகனின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது. அதில் செருகியதும் பேச்சே இல்லாமல் டிரைவர் ஏறிக்கொண்டது. போர்ட்டைத் திறக்க மட்டும், அதற்கு அனுமதி உள்ளவர்களின் பட்டியலான டயல்அவுட் குரூப்பில் என் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஜிபிஎஸ் கருவியில் பதிந்ததை இறக்கும் மென்பொருளான ஜிபிஎஸ்பேபல் கூப்பிட்டால் கருவி வாயைத் திறக்கவில்லை.

மகன் சொன்னான், "அது செத்துப்போச்சுப்பா, விடுங்க." விடுவதா? பாயான் லெப்பாஸில் டெஸ்டிங்கில் நாம் இருந்தபோது சீனிவாசன் சார் என்ன சொல்லுவார்? சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பார். அதையே செய்தேன்.

முதலில் அடாப்டர். கேபிளைக் கழற்றிவிட்டு, ஒன்பது முனையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். இரண்டு வாங்கும் முனை, மூன்று அனுப்பும் முனை. டெர்மினலில் தட்டியது அப்படியே திரும்பி வந்தது, கிளிப்பை எடுத்ததும் நின்றது. ஆக, கம்ப்யூட்டர், டிரைவர், அடாப்டர் மூன்றும் சுத்தம்.

அடுத்தது கருவி. அதன் மெனுவில் இண்டர்ஃபேஸை, அதாவது வெளியே பேசும் முறையை, என்எம்இஏ-வுக்கு மாற்றினேன். அந்த முறையில் யாரும் கேட்காமலே அது தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வேகத்தை 4800-இல் வைத்ததும் வரிவரியாகக் கொட்டியது, ஒவ்வொரு வரியும் டாலர் குறியோடு. அந்த வரிகளைப் பார்த்ததும் நான் சத்தம் போட்டதில் உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

அப்புறம்தான் யோசித்தேன். பேசுகிறது, ஆனால் நாம் சொல்வது அதன் காதில் விழவில்லை. பதிவான பாதைகளை இறக்க, கருவியைச் செய்த கர்மின் நிறுவனத்தின் சொந்த முறைக்கு மாற்ற வேண்டும், வேகம் 9600. அதில் நாம் கேட்டால்தான் அது தரும். ஒருவழியில் மட்டும் அடைப்பு.

மட்டமான சில அடாப்டர்கள் அனுப்பும் முனையில் சரியான மின்னழுத்தம் தருவதில்லை. சும்மா இருக்கும்போது மூன்றாம் முனையில், ஐந்தாம் முனையான தரையோடு ஒப்பிட்டால், மைனஸ் 3-க்கும் மைனஸ் 15-க்கும் இடையில் வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்தேன். மைனஸ் ஐந்தரை. அடாப்டர் மேல் குற்றமே இல்லை. மிஞ்சியது கேபிள். மூன்றாம் ஓட்டையிலிருந்து மறுமுனை வரை பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. பிளக்கைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சை பூத்து அற்றுப்போயிருக்கிறது. இந்த ஊர் கடல்காற்றுதான். அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். அடுத்த முறை ஜிபிஎஸ்பேபல் கூப்பிட்டதும் எல்லாம் இறங்கிவிட்டது. பாதை, புள்ளி, எல்லாம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவது உனக்காகவும்தான். உன் வீட்டு ஸ்டோர் ரூமில் அந்தப் பழைய எடைத்தராசும் பிரிண்டரும் கிடக்கிறதே, "கனெக்ட் ஆகலை" என்று தூக்கிப் போட்டுவிடாதே. முதலில் பேப்பர் கிளிப் போட்டுப் பார். லோ யாட் கடைகளில் அடாப்டர் வாங்கினால் உள்ளே எந்தச் சிப் என்று கேட்டு வாங்கு.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பாதையை வரைபடத்தில் ஏற்றிவிட்டேன். மூன் கேட்டிலிருந்து ஸ்டேஷன் ஃபைவ் வரை தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே அண்ணன் குறித்து வைத்த தண்ணீர்ப் புள்ளிகள், மலாயில் ஆயர்: ஆயர் 1, ஆயர் 3, ஆயர் 4. ஆயர் 2 மட்டும் இல்லை. அழித்தாரா, குறிக்கவே இல்லையா, தெரியவில்லை. ரொட்டி என்றும் ஒன்று இருக்கிறது, அது எந்த இடம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! ஆனால் அந்த இரண்டாவது ஊற்று பெரிய பாறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கோடையில் வற்றாதது அது ஒன்றுதான் என்று அண்ணன் சொல்லுவார். பையனை அந்தத் தண்ணீர் இல்லாமல் மேலே அனுப்ப எனக்கு மனமில்லை. அந்த முறை அண்ணனோடு அங்கே போனவன் நீ, நான் வரவில்லை.

பள்ளி விடுமுறையில் பையன் போகிறான், நானும் கூடப் போகிறேன். முடிந்தால் நீயும் கிளம்பி வா. முடியாவிட்டால் நினைவிருப்பதை ஒரு தாளில் வரைந்து படம் பிடித்து அனுப்பு. இந்த வாரமே.

அன்புடன்,
குமார்
ஆயர் ஈத்தாம், பினாங்கு