என் மகளின் பத்து விநாடிகளைக் கவனித்தவர்களுக்கு

முதல் நன்றி, மகளின் தமிழாசிரியைக்கு. டீச்சர், தொடக்கநிலை 2 வகுப்பில் அவள் உரக்க வாசித்தபோது ‘பட்டா’ என்று நின்று, சில விநாடி கழித்து ‘ம்பூச்சி’ என்று தொடர்ந்ததை நீங்கள்தான் கவனித்தீர்கள். எழுத்துக்கூட்டத் திணறுகிறாள் என்று விட்டிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், தோளைத் தொட்டீர்கள். அசைவே இல்லை, இமைகள் மட்டும் படபடத்தன. “ஏதோ யோசனையில் இருக்கும் பிள்ளை தொட்டால் திரும்பும்மா, இவள் திரும்பவில்லை” என்று அன்று மாலையே போன் செய்தீர்கள். அதே பிள்ளையை வீட்டில் நான், “கூப்பிடுவது காதில் விழவில்லையா?” என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது.

மாணவர் பராமரிப்பு நிலையத்து அக்கா, அவள் அப்படி உறைந்து நின்ற ஒவ்வொரு முறையையும், நான் கேட்காமலேயே நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு கோடாகக் குறித்து வைத்தீர்கள். ஒரே பிற்பகலில் 11 கோடு. கைப்பேசியில் எடுத்துக் கொடுத்த வீடியோவும் பெரிய உதவி.

பலதுறை மருந்தகத்து டாக்டர் வீடியோவைப் பார்த்துவிட்டு, காகிதக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து ஊதிக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, காற்றாடி நின்றது. அவள் கண் எங்கோ நிலைகுத்தியது. அப்புறம் எதுவும் நடக்காததுபோல மறுபடி ஊதினாள். இது ‘ஆப்சன்ஸ்’ (absence) எனப்படும் ஒருவகை வலிப்பாம், வேகமாக மூச்சுவிட்டால் தூண்டப்படுமாம். வலிப்பு என்றால் கை கால் இழுத்துக் கீழே விழுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதில் பிள்ளை விழாது. பத்து விநாடிபோல நினைவு அறுந்து திரும்பும், அது பிள்ளைக்கே தெரியாது. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும், ஒரே நாளில் பல முறை வரும் என்று பொறுமையாக விளக்கினீர்கள் டாக்டர். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மருத்துவமனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி எடுத்தவருக்கும் நன்றி. விநாடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர் கூராக எழுந்த அலைகளைத் திரையில் காட்டினீர்கள். முடிந்ததும், தலைமுடியில் ஒட்டியிருந்த பசையை நீங்களே துடைத்துவிட்டீர்கள். இப்போது இந்த வலிப்பைக் கட்டுப்படுத்தும் எத்தோசக்சிமைடு மருந்து கொடுத்து வருகிறோம்.

நீச்சல் வகுப்புக்கு இனி அனுப்ப முடியாதோ என்று பயந்திருந்தேன். மருத்துவரிடம் கேட்டு, பயிற்றுவிப்பாளரிடம் சொன்னோம். “சரி, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்றார். இன்றுவரை அவளை விட்டு ஒரு கை தூரம் விலகியதில்லை.

டீச்சர், நேற்று இரவு அந்தப் பட்டாம்பூச்சிப் பாடத்தை ஒரு இடத்திலும் நிற்காமல் முழுவதும் வாசித்தாள். திங்கட்கிழமை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். இப்போதே புத்தகத்தைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.