காலாவதியான பூச்சிமருந்துகளை விவசாயிகளிடமிருந்து பெற்று அழிக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
மானாவாரி விவசாயி,
குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: வீடுகளிலும் கொட்டகைகளிலும் தேங்கியுள்ள பழைய மருந்துகளைச் சேகரித்து அப்புறப்படுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நான்கு ஏக்கரில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிட்டு வருகிறேன். என் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏழு மருந்துக் கலன்கள் கிடக்கின்றன. அவற்றை அடிப்பதா, கொட்டுவதா, யாரிடமாவது கொடுப்பதா என்று தெரியாமலே இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

சென்ற ஐப்பசியில் மக்காச்சோளக் குருத்தில் படைப்புழு விழுந்தபோது, புது மருந்து வாங்கக் கையில் பணமில்லாமல், காலாவதியாகி இரண்டு ஆண்டு கடந்திருந்த குளோர்பைரிபாஸை எடுத்தேன். நல்ல மருந்தாயின் தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும். இதுவோ எண்ணெயாகத் திரிந்து மேலே மிதந்தது. கலக்கிக் கலக்கி அடித்தும், எண்ணெய் விழுந்த செடிகளில் இலை கருகியது. வெறும் தண்ணீர் விழுந்த செடிகளில் புழு குருத்துக்குள் சுகமாக இருந்தது. மருந்தைத் தண்ணீரோடு சேர்க்கும் பொருள் கெட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று பிறகுதான் அறிந்தேன். அடித்தது என் தவறு, அதற்கு இழப்பீடு எதுவும் கேட்கவில்லை.

பழசானால் வீரியம் குறையும், அளவைக் கூட்டி அடித்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. மாலத்தியான் வெப்பத்தில் நாள்பட இருந்தால் அதில் ஐசோமாலத்தியான் என்னும் பொருள் உண்டாகி, மனிதருக்கு அதன் நஞ்சு கூடிவிடுகிறது. 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக அப்படிப்பட்ட மாலத்தியானைத் தெளித்தவர்களில் சுமார் 2,800 பேர் நஞ்சால் பாதிக்கப்பட்டு, ஐவர் இறந்தனர். எங்கள் ஊர்த் தகரக் கொட்டகைகள் சித்திரை வெயிலில் எப்படிக் காயும் என்பது தாங்கள் அறியாததல்ல.

மேற்படி ஏழில் ஒன்று, 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பான். என் தகப்பனார் காலத்தில் வாங்கியது. மற்றொன்று, மிகக் கடும் நஞ்சு என்பதைக் குறிக்கும் சிவப்பு முக்கோணம் போட்ட மோனோகுரோட்டோபாஸ். ஒரு பொட்டலத் தூள் கட்டிதட்டிக் கல்லாகிவிட்டது. இரண்டில் சீட்டையே பூச்சி அரித்துவிட்டதால் உள்ளே இருப்பது என்னவென்று எனக்கே தெரியாது. என்னை அதிகம் அச்சுறுத்துபவை சீட்டில்லாத இந்த இரண்டும்தான்; நஞ்சென்று தெரியாமல் யாரேனும் எடுத்துவிடக்கூடும். 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 பள்ளிக் குழந்தைகள் மாண்டதை நாடே அறியும். எங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் ஓடியாடுகின்றனர்.

காலாவதியான இருப்பைக் கடைக்காரர் தனியே பிரித்து, விற்பனைக்கு அன்று என முத்திரையிட்டு வைக்க வேண்டும் என 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. மீந்த மருந்தைச் சுற்றுப்புறமும் நீரும் மாசுபடாதபடி அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அவ்விதிகளில் உள்ளது. ஆனால், வாங்கி வைத்த விவசாயி அதை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு எங்கள் ஊரில் விடையில்லை. வாய்க்காலில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். எரித்தால் புகையாக எங்கள் மூச்சுக்கே வரும்.

ஆகவே, ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு நாளைக் குறித்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களில் இவ்வகை மருந்துகளைப் பெற்றுக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி அழிக்க ஆவன செய்யுமாறும், தடை செய்யப்பட்ட மருந்தைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் மீது வழக்கு வராது என்று முன்கூட்டியே அறிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிவிப்பு வராவிட்டால், பயந்துகொண்டு யாரும் பரணிலிருந்து எதையும் இறக்க மாட்டார்கள். தள்ளுபடி விலையில் பழைய மருந்து விற்கும் கடைகளைப் பூச்சிமருந்து ஆய்வாளர்கள் பருவத் தொடக்கத்திலேயே சோதிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

இணைப்பு: என்னிடமுள்ள ஏழு கலன்களின் பட்டியல், புகைப்படங்களுடன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)