கிரேடு தேர்வுக்கு மாணவர்களை அனுப்பும் இசை ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிரேடு தேர்வுக்கு, அதாவது படிப்படியாக எழுதும் மேற்கத்திய இசைத் தேர்வுக்கு, போகும் வயலின் மாணவர்களுக்குப் பியானோவில் துணை வாசிப்பது என் வேலை. தேர்வுக்குத் தயார் செய்த மூன்று பீஸ்கள் (இசைத் துண்டுகள்) முடிந்ததும் நான் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஸ்கேல் (சுர வரிசைகள்), சைட் ரீடிங் (முன்பு பார்க்காத இசைத்தாளை அங்கேயே வாசிப்பது), ஏரல் டெஸ்ட் (காதால் கேட்டுப் பதில் தருவது) எல்லாம் மாணவருக்கும் தேர்வாளருக்கும் இடையில் மட்டும். அதனால் உங்கள் மாணவர்களை நான் அதிகம் பார்ப்பது ஒத்திகையிலும் காத்திருக்கும் அறையிலும்தான். அங்கே பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு மாணவரைத் தேர்வுக்கு அனுப்பலாமா என்பதை ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவருக்கும் தனியாக யோசித்து முடிவு செய்யுங்கள். மூன்றாம் கிரேடு முடிந்தது, அடுத்தது நான்கு என்று அது தானாக நடந்துகொண்டே போக வேண்டாம்.

ஒத்திகையில் மூன்று பீஸ்களையும் நன்றாகவே வாசிக்கிறார்கள். நேரம் மிச்சம் இருக்கும்போது, "உனக்குப் பிடித்த வேறு எதையாவது வாசியேன்" என்று கேட்பேன். பலருக்கு வாசிக்க எதுவும் இருப்பதில்லை. போன கிரேடின் பீஸ்கள் மறந்துபோயிருக்கும். புதிதாக எதையும் கற்றிருக்க மாட்டார்கள், ஏனென்றால் பல மாதங்களாக இந்த மூன்றுதான். ஐந்தாம் கிரேடு மாணவர் முன்னால் இரண்டாம் கிரேடு அளவில் ஒரு எளிய டூயட்டை வைத்தால், இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறார். திறமை இல்லாத பிள்ளைகள் இல்லை இவர்கள். வருடம் முழுக்க மூன்று பீஸ் வாசித்த யாருக்கும் இதுதான் நடக்கும்.

இதை மதிப்பெண் காட்டிவிடும் என்று நம்ப முடியாது. இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டன் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் நேரடித் தேர்வின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: மொத்தம் 150. மூன்று பீஸுக்கு முப்பது முப்பதாக 90, ஸ்கேல்களுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, ஏரலுக்கு 18. நூறு எடுத்தால் பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும் என்ற விதி இல்லை. பீஸ்களில் 27 வீதம் 81, ஸ்கேலில் 18, ஏரலில் 12 என்று வாங்கிய மாணவர், சைட் ரீடிங்கில் வெறும் 10 வாங்கினாலும் மொத்தம் 121 வந்துவிடுகிறது. அந்தப் பகுதியின் பாஸ் அளவு 14. அதைத் தொடாதவர் கையில் மெரிட் சான்றிதழ்! வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் புதிய இசைத்தாள் ஒன்றைத் தானாக எடுத்து வாசிக்க அந்தப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. அதே அமைப்பில் 2020இல் வந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் நான்கு பீஸை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பினால் போதும். அதில் சைட் ரீடிங்கே கிடையாது. தேர்வாளரைப் பார்த்தாலே கை நடுங்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல வழிதான். ஆனால் அந்த வழியில் போகிறவருக்கு மற்றதையெல்லாம் வகுப்பில் யார் பார்த்துக்கொள்வது? நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு பிரிட்டன் அமைப்பான டிரினிட்டி 1877இல் இசைத் தேர்வு நடத்தத் தொடங்கியது, ஏபிஆர்எஸ்எம் 1889இல் உருவானது. இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தேதி குறித்துவிட்டால்தான் பயிற்சியில் உட்காருகிற மாணவர்கள் உண்டு. வாரா வாரம் உங்கள் காது மட்டுமே கேட்ட வாசிப்பை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டு நாலு வரி எழுதித் தருவது பெரிய விஷயம். பெரியவர்களாகி இசை கற்க வந்தவர்களில் சிலர், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளவே கிரேடு கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான். பிரிட்டனில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஆறாம் கிரேடிலிருந்து யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) புள்ளிகள் கிடைக்கின்றன. அந்த வழியில் போகப்போகிற மாணவருக்குத் தேர்வு நேரடியாக உதவும். இசைக் கல்லூரிக்குப் போக நினைப்பவருக்கு அப்படி இல்லை. அங்கே ஆடிஷனில் வாசித்துக் காட்டுவதுதான் முதன்மை.

சரி, எப்படி முடிவு செய்வது? நான் மதிக்கும் ஆசிரியர்கள் செய்வதைச் சொல்கிறேன். அந்தக் கிரேடு அளவில், பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு பீஸை எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில், ஆசிரியர் விரல் பிடித்துச் சொல்லிக்கொடுக்காமல், மாணவர் அதை ஓரளவு வாசித்துக் கொண்டுவந்தால் அவர் அந்தக் கிரேடில் இருக்கிறார் என்று பொருள். அவருக்குத் தேர்வுத் தயாரிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும், மற்ற மாதங்கள் வேறு இசைக்கு மிஞ்சும். முடியவில்லை என்றால், தேர்வுக்கு அனுப்பினாலும் பாஸாக வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வருடம் முழுவதும் மூன்று பீஸிலேயே கரைந்துவிடும். அனுப்பாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

அப்புறம், மாணவரையே கேட்க வேண்டும். அம்மா அப்பா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அவர்கள் இருக்கும்போது பிள்ளைகள் தலையைத்தான் ஆட்டுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்றும் கேளுங்கள். பயம் என்றால் அதற்கு நாம் உதவலாம். "எனக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்கவில்லை" என்றால் அது வேறு; அந்தப் பிள்ளைக்கு வேறு இசை வேண்டும். தானே மெட்டுப் போட்டு எழுதிப் பார்க்கும் பிள்ளையாக இருந்தால், டிரினிட்டியின் செவ்வியல் இசைத் தேர்வில் ஒரு பீஸுக்குப் பதிலாகத் தன் சொந்தப் படைப்பை வாசிக்கலாம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். ஒத்திகையில் நான் இதைச் சொன்னபோது கண்கள் விரிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் அதுவரை சொல்லவே இல்லை.

பெற்றோரிடம் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். மாதா மாதம் கட்டணம் கட்டுகிறவர்கள் கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்காம் கிரேடு, நம் பிள்ளை ஏன் இன்னும் இரண்டு என்பார்கள். உங்கள் பிழைப்பும் இதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிரேடாக ஏறித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. மூன்று முடித்தவர் நேராக ஐந்துக்குப் போகலாம். எதுவுமே எழுதாதவர் முதல் தேர்வாக ஐந்தாம் கிரேடை எடுக்கலாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்கோ அதற்கு மேலோ போக மட்டும் ஐந்தாம் கிரேடு தியரியோ (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்வோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனையும் இல்லை. இதை நீங்கள் சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

தேர்வு இல்லாத வருடத்தில் என்ன காட்டுவது என்று கேட்பீர்கள். மாணவரே தேர்ந்தெடுத்த ஐந்தாறு பீஸ்களை, நண்பர்களையும் குடும்பத்தையும் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றாவது இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பதாக இருக்கட்டும். கூட வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் பழக்கம் வயலின் மாணவருக்கு மிக மிகத் தேவை. என்னோடு ஒத்திகைக்கு வருபவர்களில் பலர் அதைத் தேர்வுக்குச் சில நாள் முன்புதான் முதல்முறையாகச் செய்கிறார்கள். பியானோ பகுதி தனியாக ஒலிக்கும் இடங்களில் எண்ணத் தெரியாமல் திணறுவதும் அதனால்தான்.

இன்னொன்று. முடிவுகள் வந்ததும் பெயரையும் மதிப்பெண்ணையும் போட்டுப் பட்டியல் ஒட்டுவதை நிறுத்திவிடுங்கள். 104 வாங்கிய பிள்ளை அதைப் படித்துவிட்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் தேதி நெருங்கும்போது, படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு வகுப்பை இதற்காக ஒதுக்குங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இந்த வருடம் நீ என்ன வாசிக்க ஆசைப்படுகிறாய்?" என்று ஒவ்வொரு மாணவரையும் கேளுங்கள். தேர்வு வேண்டும் என்கிறவர்களை முழு மனதோடு அனுப்புங்கள்; அவர்களுக்குத் துணை வாசிக்க நான் சந்தோஷமாக வருவேன். வேறு எதையாவது சொல்கிறவர்களுக்கு அதைத் தேடிக் கொடுங்கள். அதற்கும் பியானோ வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களுக்குப் பியானோ வாசிக்கும் ஒருத்தி