உலைக்கலன் வாங்குமுன் எண்ணெய் டிரம்மைத் திறந்து பாருங்கள்
சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி வளாக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய சமையல் எண்ணெயில் பயோடீசல் தயாரிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒப்புதலும் நிதியும் தாருங்கள். ஆனால் எண்ணெயை எரிபொருளாக்கும் உலைக்கலனை வாங்குமுன், கல்லூரி உணவகத்தின் பின்புறம் இருக்கும் டிரம்மை ஒருமுறை திறந்து பாருங்கள். இந்தத் திட்டம் தேறுமா தேறாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பூரி பொரித்த எண்ணெயும் கோழி இறக்கை பொரித்த எண்ணெயும் ஒன்றல்ல. கோழியிலிருந்து நீரும் உப்பும் மாவுத்தூளும் இறங்கும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். எண்ணெயோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலையும், வினையைத் தூண்டும் காரமான சோடியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்துத்தான் பயோடீசல் செய்கிறோம். நீரும் அமிலமும் இருக்கும் எண்ணெயில் காரத்தைச் சேர்த்தால் கிடைப்பது சோப்பு. எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால் ஒரு மோசமான வாளி மொத்தத்தையும் கெடுத்துவிடும். கடைக்கு ஒரு டிரம், மழை படாத இடம், இறுக்கமான மூடி, மேலே தேதி. கிரீஸ் டிராப்பில் (சமையலறைக் கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி) அள்ளியதில் ஒரு கரண்டிகூட அதில் சேரக்கூடாது.

ஒவ்வொரு டிரம்மிலும் அமிலம் எவ்வளவு என்று சோதித்தே ஆகவேண்டும். 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து வையுங்கள். 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயும் காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலின் இரண்டு சொட்டும் விட்டு, அந்தக் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்தலாம். செலவான மில்லியோடு 3.5 கூட்டினால், லிட்டருக்கு எத்தனை கிராம் காரம் என்று வந்துவிடும். 2 மில்லி பிடித்தால் 5.5 கிராம், 50 லிட்டருக்கு 275 கிராம், கூடவே 10 லிட்டர் மெத்தனால். 5 மில்லியைத் தாண்டிய டிரம்மை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. நம்மூர் ஈரக்காற்றில் திறந்துகிடக்கும் காரம் வீரியம் இழக்கும். அப்புறம் கணக்கு சரியாக இருந்தும் வினை பாதியில் நிற்கும்.

வடிகட்டிய எண்ணெயை 60 டிகிரிக்குச் சூடாக்கி ஓரிரவு விட்டால் நீர் அடியில் தங்கும். அதை இறக்கிய பிறகே மெத்தனாலில் கரைத்த காரத்தைச் சேர்க்க வேண்டும். 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள், மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும். மறுநாள் கிளிசரால் என்ற துணைப்பொருள் கருந்தேன் நிறத்தில் அடியில் இறங்கியிருக்கும். மேலே நிற்கும் பயோடீசலில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் குலுக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை.

எங்களுக்குப் பெரிய கவலை மெத்தனால்தான். அதன் ஆவி நஞ்சு, அதன் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது. மூடிய கலன், நல்ல காற்றோட்டம், தீப்பொறி எழாத மோட்டார் இல்லாமல் மாணவர்களை அதன் அருகே விடாதீர்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். காரம் அதை அரித்து ஹைட்ரஜனை எழுப்பும். எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்பதைக் குடிமைத் தற்காப்புப் படையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பயோடீசலைக் கழுவிய நீரிலும் கிளிசராலிலும் சோப்பும் மெத்தனாலும் இருக்கும். அவற்றைச் சாக்கடையில் விடக்கூடாது. எடுத்துச்செல்லும் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்ட பிறகே முதல் கலவை.

தயாரான எரிபொருளை அவசர ஜெனரேட்டரில் ஊற்றாதீர்கள். மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்தால் அது ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும். மின்சாரம் போன வேளையில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பட்டறையில் வாராவாரம் ஓடும் டீசல் சோதனை இயந்திரத்தில் முதலில் சாதாரண டீசலோடு 5 விழுக்காடு கலந்து ஓட்டுங்கள். தொட்டியில் படிந்த பழைய கசடை இது கரைத்துக் கிளப்பும் என்பதால், மாற்று வடிகட்டி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூட வேதியியல் தொழில்நுட்பர்கள் சிலர்